தொப்பிக்காகத் திரும்பிய படகு

என் மச்சினனின் போனில் 14 நிமிடம் 52 நொடி ஓடும் வீடியோ ஒன்று இருக்கிறது. முதல் மூன்று நிமிடம் படம் தெரியும். நுரை, சாய்ந்து ஓடும் படகு, பல்லைக் காட்டிக்கொண்டு நான், தூரத்தில் ஒரு மஞ்சள் தொப்பி. அதற்கப்புறம் போன் படகின் தரையில் கிடக்கிறது. வானமும், படபடவென்று அடித்துக்கொள்ளும் பாயின் ஓரமும்தான் மிச்சம். ஆனால் ஒலி கடைசி வரை பதிவாகியிருக்கிறது. அந்த ஒலியையும், நண்பன் ஒருவன் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் ஜி.பி.எஸ். தடத்தையும் வைத்து, நாங்கள் நான்கு பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அலசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். படகிலிருந்து விழுந்து நான் தண்ணீரில் இருந்தது 11 நிமிடம் 19 நொடி. கேட்டால் யாரும் அரை மணி நேரம் என்றுதான் சொல்லியிருப்போம்.

பெயர் போடாதே என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். அதனால் ஊரை வைத்தே அழைக்கிறேன். தூத்துக்குடிக்காரன், என்னோடு வேலை பார்ப்பவன். அவனுடைய தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பாய்மரத் தோணியில் இருந்தவர். இவன் அதுவரை ஃபெர்ரியைத் தவிர எதிலும் ஏறியதில்லை. மயிலாப்பூர்க்காரி, கல்லூரியில் என்னோடு படித்தவள், நீச்சல் நன்றாகத் தெரியும். மூன்றாவது ஆள் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு மாதமான மச்சினன், வயது 24. நான்காண்டுகளாகப் பாய்ப்படகு ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். அடிப்படைச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். படகு 22 அடி, வாடகைக்கு எடுத்தது. பின்பக்கம் ஒரு சின்ன அவுட்போர்டு மோட்டார்.

அந்தக் குடாவும் அந்தக் காற்றும்

சான் ஃபிரான்சிஸ்கோ குடாவில் கோடைக்காலப் பாய்ப்படகுச் சவாரி என்றால் அது மேற்கிலிருந்து வீசும் காற்றோடு விளையாடுவது. காலையில் பனிமூட்டமும் அசையாத தண்ணீருமாக இருக்கும். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் கொதிக்கக் கொதிக்க அங்கே காற்று மேலெழும்பும். வெளியே பசிபிக் கடலோரம் குளிர்ந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவே சுவர் மாதிரி கடலோர மலைத்தொடர். அந்தச் சுவரில் இருக்கும் பெரிய ஓட்டை கோல்டன் கேட் பாலத்தடியில் உள்ள நீரிணை, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் அகலம். கடல் காற்று முழுவதும் அதன் வழியே நுழையப் பார்க்கும். மச்சினனுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பாலக்காட்டுக் கணவாய் மாதிரியா மாமா?" என்றான். அதே கதைதான். ஆனி ஆடியில் கோவைப்பக்கம் கதவைப் படாரென்று சாத்துகிற காற்று எதனால் வருகிறதோ, அதனால்தான் இதுவும் வருகிறது.

அந்த ஓட்டைக்கு நேர் எதிரே, குடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது பெர்க்லி. நாங்கள் கிளம்பியது அங்கிருந்துதான். ஆல்கட்ராஸ் தீவைத் தாண்டி பெர்க்லி வரைக்கும் நீளும் இந்தக் காற்றுப் பாதையை இங்குள்ளவர்கள் ஸ்லாட் என்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மதியத்துக்கு மேல் 20 முதல் 25 நாட் வீசுவது அங்கே சாதாரணம். மணிக்கு 37 முதல் 46 கிலோமீட்டர். எச்சரிக்கை எதுவும் வேண்டாம், தினமும் வரும்.

இன்னொன்று ஓதம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், நான்கும் வெவ்வேறு உயரத்தில். வற்றத்தின்போது இவ்வளவு பெரிய குடாவின் தண்ணீரும் அதே பாலத்தடி வழியாகத்தான் வெளியேற வேண்டும். பலமான நாட்களில் அங்கே நீரோட்டம் 4 நாட்டைத் தாண்டும். தண்ணீர் மேற்கே போக, காற்று கிழக்கே வர, இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அன்று மதியம் வற்றம் என்று அட்டவணையில் பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி.

போன வழி

பதினொன்றரைக்குத் துறையிலிருந்து கிளம்பினோம். அங்கே நான் சொன்னது நான்கைந்து விஷயம். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே. பாயின் அடியில் இருக்கும் பூம் கட்டை வரும்போது தலையைக் குனி. ஒரு கை உனக்கு, ஒரு கை படகுக்கு. கடைசியாக, கிட்டத்தட்ட வேடிக்கையாக, "யாராவது விழுந்தா ஒருத்தர் அவங்களை நோக்கிக் கையை நீட்டிக்கிட்டே இருக்கணும், வேற எதுவும் செய்யக் கூடாது" என்றேன். "அதை நான் பாத்துக்கறேன்டா" என்றாள் மயிலாப்பூர்க்காரி.

மோட்டாரை எப்படி ஸ்டார்ட் செய்வது, பாயை எப்படித் தளர்த்துவது, பின்பக்க ஏணியை எப்படி இறக்குவது, இதையெல்லாம் சொல்லவில்லை. நண்பர்களை அழைத்துப்போகும்போது எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. சனிக்கிழமை ஜாலியாக வந்தவர்களிடம் வாத்தியார் வேலை பார்ப்பானேன் என்று தோன்றும். அதோடு, எல்லாவற்றையும் நானே செய்துகாட்டுவதில் ஒரு அல்ப சந்தோஷமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஏணியை நான் தொட்டது ஒரே ஒரு முறை. அலையில் அது கடகடவென்று ஆடும், தானாக இறங்கிவிடும் என்று பழைய நூல் கயிறு ஒன்றால் கட்டிவைத்தேன். இழுத்து, இரண்டு முடிச்சு.

குடாவுக்குள் இருக்கும் ஏஞ்சல் தீவுக்குப் போனது அருமையாக இருந்தது. காற்று 10 நாட்டுக்குக் கீழே. தூத்துக்குடிக்காரன் தாத்தாவின் சொற்களை எடுத்துவிட்டுக்கொண்டே வந்தான். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான், படகின் முன்மூக்கு அணியம். நான் ஆங்கிலத்தில் ஹேல்யார்டு, ஷீட், பவ் என்று சொல்லச் சொல்ல, அவன் பதிலுக்கு ஒன்று சொல்வான். விளையாட்டாக இருந்தது. தீவின் அயாலா கோவ் என்ற சிறு குடாவில் படகைக் கட்டிவிட்டுப் புளியோதரையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டோம். மயிலாப்பூர்க்காரி வீட்டுக் கத்தியையே கொண்டுவந்திருந்தாள், பிளாஸ்டிக் கத்தி வெட்டாது என்று. 1910 முதல் 1940 வரை குடியேற வந்தவர்களை அடைத்துவைத்த கட்டடம் தீவின் அந்தப் பக்கம் இருக்கிறது. சீனர்கள் அதன் சுவரில் கவிதை செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்க்கப் போகலாமா என்று பேச்சு வந்தது. நேரமாகிவிடும் என்று நான்தான் மறுத்தேன். போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், காற்று ஏறிக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் ஏமாற்றிய காற்று

தீவின் மறைவிலிருந்து வெளியே வந்தபோது மணி மூன்று. துறைமுகக் கம்பங்களில் கொடிகள் விறைத்து நின்றதைப் பார்த்தேன். பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கியிருக்க வேண்டும். ரீஃப் எடுப்பது என்று சொல்லும் அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். எடுக்கவில்லை. ஏன் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழையை அனுபவசாலிகளும் செய்வார்கள்.

காற்று 22 நாட். நாங்கள் அதன் முதுகில் ஏறி 6 நாட்டில் ஓடிக்கொண்டிருந்தோம். அப்போது நம் முகத்தில் படுவது 22 இல்லை, அதில் 6 போக 16 தான். படகு நிமிர்ந்து ஓடும், தண்ணீர் தெறிக்காது, வெயில் சுகமாக இருக்கும். அதே படகை அதே காற்றை எதிர்த்துத் திருப்பினால் நம் வேகமும் அதனோடு சேர்ந்து 25ஐத் தொடும். பாயின் மேல் விழும் விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16இன் வர்க்கம் 256, 25இன் வர்க்கம் 625. ஏறக்குறைய இரண்டரை மடங்கு. காற்றில் மாற்றமே இல்லாமல், திரும்புகிற அந்த ஒரு கணத்தில், சுமை இரண்டரை மடங்காகிவிடும்.

திரும்பவே வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் ரீஃப் எடுக்கவில்லை. நேரே பெர்க்லிக்கு ஓடிவிடலாம். மூன்று மணி 14 நிமிடத்துக்கு மச்சினனின் தொப்பி பறந்தது.

"மாமா! சி.எஸ்.கே. தொப்பி! அக்கா குடுத்தது!"

அக்கா என்பவள் என் மனைவி. "எடுத்துடலாம், ஆள் விழுந்தா எப்படி எடுக்கறதுன்னு பயிற்சியாவும் இருக்கும்" என்று நான் சொல்வது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. அவன் பதிவு செய்ய ஆரம்பித்ததே அதற்காகத்தான். கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கும்.

தெற்கே வளைந்து, காற்றை நெருக்கி, டேக் செய்து, அதாவது அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே மறுபக்கம் திருப்பி, வடமேற்கே வந்தேன். படகு படுத்தது. மூவரும் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். முன்பாயின் ஒரு பக்கத்துக் கயிற்றை அது சுற்றியிருந்த வின்ச் உருளையிலிருந்து கழற்றி எறிந்து, மறுபக்கத்துக் கயிற்றை இழுத்துக் கட்டி, சுக்கான் பிடியை முழங்காலால் அழுத்தி, எல்லாம் ஒற்றை ஆளாக நானேதான். எறிந்த கயிற்றின் வால் படகுக்கு வெளியே போய்த் தண்ணீரில் இழுபடுவதைப் பார்க்கவில்லை.

தொப்பி தாழ்ந்த பக்கமாக வந்தது. படகு இன்னும் இரண்டு மூன்று நாட்டில் போய்க்கொண்டிருந்தது, அதுவே அதிகம். கொக்கிக் கழியை நீட்டி, சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு காலை வைத்துக் குனிந்தேன். ஒரு அலை அணியத்தைத் தூக்கிப் போட்டது. ஓரம் ஈரம். 3:17:31.

தண்ணீரில்

தலைகீழாக விழுந்தேன். அன்று தண்ணீர் 14 டிகிரி அளவில் இருந்தது, இந்தக் குடாவின் கோடைக்கு அதுதான் வழக்கம். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் நாம் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப 1 மணி நேரம். பலரும் மூன்றாவதுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆளை முதலில் முடிப்பது முதல் இரண்டும்தான்.

முதல் நிமிடத்தில் பெரும்பகுதி எனக்கு மூச்சு என்று ஒன்று இருக்கவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறேன், வெளியே போகவில்லை. ஜாக்கெட் தானாக ஊதிக்கொண்டது, உயிர் அதில்தான் தொங்கியது. ஆனால் காலிடுக்கில் போடும் பட்டையை நான் மாட்டியிருக்கவில்லை, உட்கார்ந்தால் உறுத்தும் என்று. அதனால் ஜாக்கெட் மேலேறிக் காதை அடைத்துக்கொண்டு, முகத்துக்கு முன்னால் இரண்டு மஞ்சள் மூட்டையாக நின்றது. ஒரு கையால் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே மிதக்க வேண்டியதாயிற்று. வி.எச்.எஃப். ரேடியோ என் சட்டைப் பையில்தான் இருந்தது. கடலோரக் காவல்படையைக் கூப்பிடும் 16ஆம் சேனலில் வைத்தபடி. நானும் ரேடியோவும் ஒன்றாகவே கடலுக்குப் போனோம். பேச மூச்சில்லை, பொத்தானை அழுத்த ஒழிந்த கையில்லை. படகிலோ வேறு ரேடியோ இல்லை.

படகில்

இனி வருவது வீடியோவின் ஒலியிலிருந்தும் அவர்கள் மூவரும் சொன்னதிலிருந்தும்.

மயிலாப்பூர்க்காரி தான் உட்கார்ந்திருந்த சதுர மெத்தையை உருவி எறிந்துவிட்டாள், நான் விழுந்த நான்கைந்து நொடிக்குள். 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில் எறியக்கூடிய மிதவை ஒன்று இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த மெத்தைதான் அது. அவளுக்கு அது தெரியாது. "கைல அதான் இருந்துது" என்றாள் பிறகு. உடனே கையை நீட்டினாள். நான் ஏணியில் ஏறும் வரை அந்தக் கை இறங்கவில்லை, வாயும் ஓயவில்லை. ஒலியில் நான்கு நிமிடம் தொடர்ந்து "அங்க, அங்க, அலைக்குப் பின்னாடி, இப்ப தெரியறான், அங்க" என்று அவள் குரல் ஓடுகிறது. இரண்டடி அலையில் ஒரு தலை ஐம்பது மீட்டரில் காணாமல் போய்விடும். அவள் ஒரு தடவைகூட என்னைத் தவறவிடவில்லை.

சுக்கானில் ஆளில்லாத படகு தானாகக் காற்றுக்கு எதிரே திரும்பி, அந்த வேகத்திலேயே மறுபக்கம் சாய்ந்தது. முன்பாய் பழைய பக்கத்திலேயே கட்டியிருந்ததால் காற்று அதன் முதுகில் விழுந்து அணியத்தைத் தெற்கே தள்ளியது. பெரிய பாயில் காற்று ஏற, படகு என்னை விட்டுவிட்டு நகர ஆரம்பித்தது. நாற்பது நொடியில் அறுபது மீட்டர் போயிருந்தது.

அப்போதுதான் மூச்சு வந்து நான் கத்தினேன். "ஷீட்டை விடு! ஷீட்டை விடு!"

இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் பாடம் சொன்ன இடம் இது. மச்சினன் பாய்ந்துபோய்ப் பாயைப் பிடித்தான், துணியை. ஷீட் என்றால் வேறென்ன? படுக்கை விரிப்பும் ஷீட், கூரைத் தகரமும் ஷீட். படகில் மட்டும் ஷீட் என்றால் கயிறு, அது நான்காண்டில் எனக்கு இயல்பாகிவிட்டதால் விசித்திரமாகவே தெரியவில்லை. அவன் இரண்டு கையாலும் பாயை இழுத்துப் பார்த்துவிட்டு "எப்படி விடறது மாமா?" என்று கத்துவது பதிவாகியிருக்கிறது.

"ஏல, தாமானைச் சொல்லுதான்ல!" என்றது தூத்துக்குடிக்காரனின் குரல். பெரிய பாயின் கயிற்றை, அதைக் கவ்விப் பிடித்திருந்த பற்களிலிருந்து மேலே சுண்டி விடுவித்தான். காலையில் நான் செய்ததைப் பார்த்திருக்கிறான். பாய் படபடக்க, படகு நின்றது.

அப்புறம் மோட்டார். மச்சினன் புல்வெட்டும் எந்திரம் மாதிரிதான் இருக்கும் என்று இழுத்தான், மூன்றாவது இழுப்பில் பிடித்தது. கியரைத் தள்ளினான். தூத்துக்குடிக்காரன் சுக்கானை என் பக்கம் திருப்பினான். பத்து நொடிதான். நான் எறிந்துவிட்டிருந்த கயிற்றின் வால் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ள, 'டக்' என்று ஒரு சத்தம், நிசப்தம். "போச்சு" என்கிறான் மச்சினன், மெல்ல.

ஆனால் போகவில்லை. அந்தப் பத்து நொடியில் படகு எனக்கு நேர் மேல்காற்றில், அதாவது காற்று வரும் பக்கத்தில், வந்து நின்றிருந்தது, ஏறக்குறைய 40 மீட்டரில். இங்கே ஓர் அடிப்படை: நீரோட்டம் படகையும் ஆளையும் ஒரே மாதிரி இழுக்கும், அதனால் இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் மாறாது. காற்று படகை மட்டுமே தள்ளும், மிதக்கிற ஆளைத் தொடாது. ஆகவே படகு ஆளுக்குக் கீழ்க்காற்றில் இருந்தால் விலகிப் போய்க்கொண்டே இருக்கும், எவ்வளவு நீந்தினாலும் பிடிக்க முடியாது. மேல்காற்றில் இருந்தால் தானாக வந்து சேரும். முன்பாய் தலைகீழாகக் காற்று வாங்க, சுக்கான் பிடியைத் தாழ்ந்த பக்கம் தள்ளிப் பிடித்து, படகைக் குறுக்காக நிறுத்தி மெல்ல மிதக்கவிடுவது பயிற்சியில் சொல்லித்தருகிற முறைதான். இவர்கள் அது தெரியாமலே அதற்குள் விழுந்திருந்தார்கள். தூத்துக்குடிக்காரன் கேட்ட ஒரே கேள்வி "இப்ப ஒண்ணும் செய்யாம இருந்தா அவன்கிட்டதான போகும்?" என்பது. ஒன்றும் செய்யாமல் இருந்தான். அந்த நேரத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

3:21:30க்குப் படகு என்னைத் தொட்டது. விழுந்து நான்கு நிமிடம். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மிச்சம் ஏழு நிமிடம்

கணக்கை மறுபடி பார்த்தபோது நாங்கள் நால்வரும் பேசாமல் இருந்தது இந்த இடத்தில்தான். 11 நிமிடத்தில் 7 நிமிடத்துக்கு மேல் நான் படகைத் தொட்டுக்கொண்டே தண்ணீரில் கிடந்திருக்கிறேன். படகின் ஓரம் தண்ணீருக்கு மேல் இடுப்பளவு உயரம். உலர்ந்த தரையில் அது ஒன்றுமில்லை. ஈரத்துணியும் ஊதிய ஜாக்கெட்டும் விறைத்த விரல்களுமாக அது ஒரு மாடி. இரண்டு ஆண்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஜாக்கெட்தான் மேலே வந்தது, நான் வரவில்லை.

"ஏணி" என்றேன். பின்பக்கம் போனார்கள். நான் காலையில் போட்ட இரண்டு முடிச்சு, உப்புத் தண்ணீரில் ஊறி, மூன்று மணி நேரம் ஆடி ஆடி இறுகி, கல்லாகியிருந்தது. மச்சினன் நகம் பிய்ந்துபோகும் அளவுக்கு நெம்பினான். எனக்கு அதற்குள் விரல் மடங்கவில்லை. பிடித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன், பார்த்தால் கை திறந்தே இருக்கிறது. தூத்துக்குடிக்காரன் கயிறு ஒன்றை என் அக்குளுக்கடியில் சுற்றித் தூணில் கட்டிவிட்டான், அதனால்தான் நழுவவில்லை.

"கத்தி!" இது மயிலாப்பூர்க்காரி. கையை என் பக்கம் நீட்டியபடியே மச்சினனிடம் சொல்கிறாள்: "கூடைல, டிபன் பாக்ஸுக்கு அடில, பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேன்." வெள்ளரிக்காய் நறுக்கிய கத்தி நூல் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தது. ஏணி விழுந்தது. முதல் படியில் முழங்கையை மாட்டினேன், கை உதவாது என்பதால். மேலே இருவர் கயிற்றை இழுக்க, 3:28:50க்கு அரிசி மூட்டை மாதிரி உள்ளே விழுந்தேன்.

மோட்டார் விசிறி நின்றுபோனதைப் பற்றி அப்புறம்தான் தோன்றியது. ஏணி அதற்கு ஒன்றரை அடி தள்ளியிருந்தது. ஓடிக்கொண்டிருந்தால் அணைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நான் சொல்லவில்லை.

அந்த நேரமெல்லாம் வற்றம் எங்களை மேற்கே இழுத்துக்கொண்டிருந்தது. கடிகாரத் தடத்தைப் படத்தில் போட்டுப் பார்த்தால் தொப்பி விழுந்த இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, ரிச்மண்ட் எண்ணெய்த் துறைக்கு டேங்கர்கள் போகும் வாய்க்காலின் ஓரத்துக்கு வந்திருந்தோம். அன்று அந்த நேரத்தில் எதுவும் வரவில்லை. அதை எங்கள் திறமைக் கணக்கில் எழுத முடியாது.

பெரிய பாயை இறக்கி, முன்பாயோடு மட்டும் காற்றின் முதுகில் பெர்க்லிக்குத் திரும்பினோம். சுக்கான் தூத்துக்குடிக்காரனிடம். மூவருடைய ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு, பல் அடித்துக்கொள்ள, இடது வலது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அலசியபோது

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு குறையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். மச்சினன் தொப்பி, மோட்டார் என்றான். அவன் அக்கா, அதாவது என் மனைவி, முழு வீடியோவையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "நீங்க சொல்லிக்குடுத்ததுல எதையாவது இவங்க தப்பாச் செஞ்சாங்களா?"

யோசித்தோம். இல்லை. ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, தலையைக் குனிந்தார்கள், கையை நீட்டினாள், அதுவும் வேடிக்கையாகச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு. தவறியதெல்லாம் நான் சொல்லாமல் என் தலைக்குள்ளேயே வைத்திருந்தவை: ஏணி முடிச்சு, மோட்டார், கயிறு, ரேடியோ. படகில் எல்லாம் தெரிந்தவன் ஒருவன், அவன்தான் தண்ணீரில் கிடந்தான். மற்றவர் விழுந்தால் என்ன செய்வது என்று எனக்கு மனப்பாடம். நான் விழுவேன் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. நண்பர்களை விருந்தாளியாக ஏற்றியிருந்தேன். கடல் அவர்களிடம் வேலையாளுக்கான வேலையைக் கேட்டது.

ரீஃப் எடுக்காதது தனிப் பிழை, அதற்கு மன்னிப்பு இல்லை. தொப்பிக்குத் திரும்பியதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. திரும்பியதே தப்பு என்கிறாள் மயிலாப்பூர்க்காரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொப்பியை எடுத்துப் பழகுவது நல்ல பயிற்சிதான், ரீஃப் எடுத்த பாயோடு, படகை முழுக்க நிறுத்திவிட்டு, ஓரத்தில் காலை வைக்காமல். ஆனால் அவள் சொல்வதிலும் ஒன்று இருக்கிறது: "ஆள் விழுந்தா பயந்துபோய் நிதானமா இருந்திருப்ப. தொப்பிங்கறதால விளையாட்டாப் போன."

இப்போது ஏணியைக் கட்டுவது ஒற்றைச் சுருக்கு முடிச்சால். அதன் வால் தண்ணீர் மட்டம் வரை தொங்கும், உள்ளேயிருந்தும் இழுக்கலாம், தண்ணீரில் கிடப்பவரும் இழுக்கலாம். ரேடியோ இரண்டு. காலிடுக்குப் பட்டை உறுத்தத்தான் செய்கிறது. மோட்டாரைத் தொடும் முன் படகைச் சுற்றித் தண்ணீரில் கயிறு கிடக்கிறதா என்று ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். கட்டளைகளில் ஷீட் என்ற சொல்லை ஒழித்துவிட்டோம். தாமான் என்றால் நால்வருக்கும் எது என்று தெரியும், வேறெந்தப் பொருளோடும் குழம்பாது. பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

செப்டம்பரில், காற்று 12 நாட் இருந்த ஒரு காலையில், நால்வரும் மறுபடி போனோம். பால் கேன் ஒன்றில் பாதித் தண்ணீர் நிரப்பி, பழைய ஜாக்கெட் ஒன்றை மாட்டி, அதற்கு என் பெயரையே வைத்துக் கடலில் போட்டார்கள். நான் காபினுக்குள் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் தடவை ஆறரை நிமிடம். இரண்டாவது ஐந்து. மூன்றாவது தடவை முன்பாயின் கயிறு வெளியே போவதைப் பார்த்துவிட்டு, என்னையும் அறியாமல் தலையை வெளியே நீட்டி, "அந்தக் கயித்தை..." என்று ஆரம்பித்தேன்.

"ஏல," என்றான் தூத்துக்குடிக்காரன், சுக்கானிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ அங்க தண்ணிக்குள்ள கெடக்க. பேசாத."

மச்சினன் அதற்குள் கயிற்றை உள்ளே இழுத்துவிட்டிருந்தான்.